பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கார்

நியூயார்க் நகரம். 1953-ம் வருடம், ஜனவரி 17. வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் பிரமாண்டமான நடன மண்டபத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ‘மோட்டோரமா’ என்ற பெயரில் கார் திருவிழா ஒன்றை ஆரம்பிக்கிறது. பளபளவென்று எத்தனையோ கார்கள். ஆனால், கூட்டம் மொய்த்தது ஒரு குட்டி வெள்ளைக் காரைச் சுற்றித்தான். இரண்டே பேர் உட்காரலாம். உள்ளே செக்கச்செவேலென்று ஸீட்டுகள். பெயர், கார்வெட். சின்ன ரகப் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை எடுத்துக் காருக்கு வைத்துவிட்டார்கள்!

அழகு ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் காரின் உடம்பை யாராவது விரலை மடக்கித் தட்டிப் பார்த்திருந்தால் ‘டங்’ என்று கேட்டிருக்காது. ‘டொக்’ என்றுதான் கேட்டிருக்கும். ஏனென்றால், அது இரும்பே இல்லை. கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்த ஃபைபர் கிளாஸ். சுருக்கமாகச் சொன்னால், பிளாஸ்டிக்!

அதே வருடம் ஜூன் 30-ம் தேதி, மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் தயாரிப்பு தொடங்கியது. வருடக் கடைசிக்குள் மொத்தம் 300 கார்கள். பெரும்பாலும் கைவேலை. முன்னூறும் ஒரே வெள்ளை, முன்னூறுக்கும் ஒரே சிவப்பு ஸீட், ஒரே கறுப்புத் துணிக் கூரை. விலை 3,498 டாலர்.

இப்போது ஒரு கற்பனை. அந்தக் காலத்துக் கார்வெட் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். எழுபது வருடம் ஓடிய கார். இடையில் எத்தனை கை மாறியிருக்கும்! இருபது வயது இளைஞன் ஒருவன் அறுபதுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கி சிவப்பு அடித்திருப்பான். அடுத்தவன் எழுபதுகளின் மோகத்தில் மினுமினுக்கும் நீலம். அதற்கடுத்தவர் ஒரு இடி வாங்கி, பட்டி வைத்து மூடி, மேலே கறுப்பு. இப்படி அடுக்கடுக்காக, மசால் தோசை மேல் ஊத்தப்பம் வைத்த மாதிரி பெயின்ட். உங்களுக்கோ அடியில் இருக்கும் அந்த முதல் வெள்ளை வேண்டும்.

இரும்புக் கார் என்றால் கவலையே இல்லை. மணலைப் பீய்ச்சி அடிக்கலாம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கலாம். தீயைக் காட்டலாம். எதைச் செய்தாலும் கடைசியில் இரும்பு மிஞ்சும். ஆனால், பிளாஸ்டிக்?

இங்கேதான் சிக்கல். இந்தச் சிக்கலின் வேர் ரொம்பப் பழையது. கார் பிறப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

பெயின்ட் என்று நாம் எதைச் சொல்கிறோம்? நிறம் கொடுக்கும் பொடி கொஞ்சம். அதை ஒட்டவைக்கும் பசை கொஞ்சம். இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் திரவம் கொஞ்சம். பூசினதும் திரவம் ஆவியாகப் பறந்துவிடும். மிஞ்சும் பசை காய்ந்து ஒரு மெல்லிய தோலாக உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தோல் வேறு ஒன்றுமில்லை... பிளாஸ்டிக்தான்! அதாவது, பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் பங்காளிகள்.

சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரே வயிற்றில் பிறந்தவை. பஞ்சை அமிலத்தில் நனைத்து எடுத்தால் ‘நைட்ரோசெல்லுலோஸ்’ என்று ஒரு சமாசாரம் கிடைக்கும். 19-ம் நூற்றாண்டில் அதை வெடிமருந்தாகத்தான் முதலில் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் அதோடு கற்பூரத்தைச் சேர்த்தார். ஆம், கற்பூரமேதான்! 1870 வாக்கில் ‘செல்லுலாய்ட்’ பிறந்தது. சீப்பு, பொம்மை, சினிமா ஃபிலிம் என்று உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய ஆரம்பகால பிளாஸ்டிக்.

அதே நைட்ரோசெல்லுலோஸைத் தண்ணியாகக் கரைத்து காருக்கு அடித்தால் என்ன? வெடிமருந்து விற்றுப் பெரிய ஆளான டூபான்ட் கம்பெனி அதைத்தான் செய்தது. ‘டூகோ’ என்ற அந்த லாக்கர் பெயின்ட் 1923-ல் ஓக்லண்ட் என்ற காரில் அசத்தல் நீலமாக வந்து இறங்கியது. அதுவரை ஒரு காருக்கு நல்லபடி வார்னிஷும் வண்ணமும் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். கார்கள் கொட்டகையில் வரிசையாக நின்று காய்ந்துகொண்டே இருக்கும், தூசு வேறு வந்து ஒட்டும். சீக்கிரம் தயாராக வேண்டும் என்பதால்தான் ஃபோர்டின் புகழ்பெற்ற ‘மாடல் டி’ 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. லாக்கர் வந்தபிறகு மணிக்கணக்கில் காய்ந்தது. எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கலாம். கார்வெட்டின் அந்த வெள்ளையும் இந்த நைட்ரோசெல்லுலோஸ் வம்சம்தான். ஐம்பதுகளின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கருக்கு மாறியது. அக்ரிலிக் என்றால், கடை போர்டுகளில் பார்க்கிறோமே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பலகை... அதே ஆள்!

சரி, காரின் உடம்பைப் பிளாஸ்டிக்கில் செய்யும் விபரீத ஆசை யாருக்கு முதலில் வந்தது? ஹென்றி ஃபோர்டுக்கே வந்தது. 1940 நவம்பரில், பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால், தன் காரின் டிக்கி மூடியைக் கோடரியால் ஓங்கி அடித்துக் காட்டினார் மனிதர். அது சோதனைக்காகப் பொருத்திய பிளாஸ்டிக் மூடி. ஒன்றும் ஆகவில்லை. கோடரி முனையில் ரப்பர் உறை போட்டிருந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. (தொழிலதிபர்கள் என்றால் சும்மாவா?) அடுத்த வருடம் ஆகஸ்ட் 13-ம் தேதி, டியர்பார்ன் ஊர்த் திருவிழாவில் ஒரு முழு காரையே கொண்டுவந்து நிறுத்தினார். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் 14 பிளாஸ்டிக் பலகைகள். சோயாபீன் போன்ற விளைபொருட்களைச் சேர்த்துச் செய்தது. எடை சுமார் 2,000 பவுண்டு. இரும்பில் செய்திருந்தால் இன்னும் ஆயிரம் பவுண்டு கூடியிருக்கும். ஆனால், அமெரிக்கா உலகப் போரில் குதித்ததும் கார் தயாரிப்பே நின்றுபோனது. அந்த ‘சோயாபீன் கார்’ இன்று இல்லை. உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், ஓஹையோ மாநிலத்தில் உருகிய கண்ணாடியைக் காற்றால் ஊதி நூலாக்கும் வித்தை முப்பதுகளில் கைகூடியிருந்தது. ஓவன்ஸ் கார்னிங் கம்பெனி 1938-ல் அதை வைத்தே பிறந்தது. கண்ணாடி நூலைப் பாய் மாதிரிப் பரப்பி, அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி இறுகவிட்டால்... கல்லு மாதிரி ஒரு ஓடு. ரேடார் அலைகளைத் தடுக்காது என்பதால் போர்க்காலத்தில் விமானங்களின் ரேடார் மூடிக்குப் பயன்பட்டது. போர் முடிந்ததும் படகு கட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் பில் டிரிட் என்கிற படகுக்காரர் அதிலேயே கார் உடம்பும் செய்தார். ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் சக்ரவர்த்தி ஹார்லி ஏர்ல் கண்ணில் இதெல்லாம் பட்டது. இரும்பை அழுத்தி வளைக்க ராட்சத அச்சுகள் வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும், கோடிகள் கரையும். ஃபைபர் கிளாஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே, கார்வெட்!

இந்த இடத்தில் ஒரு சின்ன கெமிஸ்ட்ரி பாடம். ஒரே நிமிடம்தான், பயப்பட வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி. ஒன்று, மெழுகு மாதிரி. சூடு காட்டினால் உருகும், குளிர்ந்தால் இறுகும், மறுபடி உருகும். பக்கெட், பேனா, காரின் முன்பக்க கிரில், டேஷ்போர்டில் இருக்கும் வட்டச் சட்டங்கள் எல்லாம் இந்த ஜாதி. மற்றொன்று, அவித்த முட்டை மாதிரி. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். தலைகீழாக நின்றாலும் பச்சை முட்டை ஆகாது. பழைய வீடுகளில் கறுப்பாக, குமிழ் வைத்த ஸ்விட்ச் இருக்குமே, அந்த பேக்கலைட் இந்த ரகம். 1907-ல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்தது. கார்வெட்டின் ஃபைபர் கிளாஸும் முட்டை ஜாதியே.

ஐம்பதுகளில் உலகின் எதிர்முனையிலும் ஒரு முட்டை ஜாதிக் கார் ஓடியது. கிழக்கு ஜெர்மனியில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம். சோவியத் ரஷ்யாவிலிருந்து வந்த கழிவுப் பஞ்சையும், பேக்கலைட்டின் உறவுக்கார ரெசினையும் சேர்த்து அழுத்தி, 1957 முதல் 1991 வரை ‘டிராபன்ட்’ கார்களைச் செய்து தள்ளினார்கள். ஏறக்குறைய 30 லட்சம்! பெயர் எழுதிவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் பணக்கார விளையாட்டுச் சாமான், அங்கே ஏழை வீட்டுச் சொத்து. உடம்பு மட்டும் இரண்டுக்கும் பிளாஸ்டிக்.

மெழுகு ஜாதிக்கும் முட்டை ஜாதிக்கும் பெயின்ட்டை உரிப்பதில் தனித்தனித் தலைவலி. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனை எடுத்து மெழுகு ஜாதி கிரில் ஒன்றில் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் போகும். கூடவே கிரிலும் கொழகொழவென்று போகும்! ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்குக்கு அசிட்டோன் எமன். சில வகைகள் அந்த நேரம் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு மெல்லிய மயிரிழை விரிசல்களாகப் பழிவாங்கும். முட்டை ஜாதி அப்படிக் கரையாது. ஆனால், ரிமூவர் ஊற வைத்தால் உள்ளே குடித்து, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். அதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்தால் சில மாதம் கழித்து வெயிலில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அம்மை போட்ட மாதிரி. அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

பங்காளிச் சண்டை என்பது இதுதான். ஒருவனை அடிக்க எடுத்த தடி இன்னொருவன் மண்டையையும் பதம் பார்க்கும்.

இதில் மனிதர்கள் மண்டையும் உருண்டது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை பாதிக் கதை.

மெத்திலீன் குளோரைடு என்றொரு திரவம். வாசனை இனிப்பாக இருக்கும். தீப்பிடிக்காது. அதற்கு முன் இருந்த ரிமூவர்கள் எல்லாம் நெருப்புக் குச்சியைக் கண்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் ரகம். ஆகவே, இது பாதுகாப்பானது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பொடிசான மூலக்கூறு என்பதால் பெயின்ட்டின் வழியாக நுழைந்து அடிவரை போய்விடும். ஊற்றிய சில நிமிடங்களில் பெயின்ட் பூரி மாதிரி உப்பிக்கொண்டு எழுந்து நிற்கும். பார்க்கவே மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். பல பத்தாண்டுகள் கார் பட்டறைகளிலும், மரச்சாமான் கடைகளிலும், வீட்டுக் கொட்டகைகளிலும் இதுதான் ராஜா.

ஆனால், 40 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் திரவம் இது. ஆவி காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரையோடு குளம் மாதிரி தேங்கும். குனிந்து வேலை செய்பவன் அதைத்தான் சுவாசிப்பான். அதிகமானால் மயக்கம், மூச்சடைப்பு. இதைவிடக் கொடுமை ஒன்று எழுபதுகளின் ஆரம்பத்தில் தெரியவந்தது. உடம்புக்குள் போன மெத்திலீன் குளோரைடை நம் உடம்பே கார்பன் மோனாக்ஸைடாக மாற்றுகிறது! கார் புகையில் இருக்கும் அதே விஷவாயு. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் திணறும்.

1976-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கேஸ் வெளியானது. ஓய்வுபெற்ற 66 வயது மனிதர். வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து ஒரு மர அலமாரிக்கு ரிமூவர் போட்டுப் பழைய பூச்சை உரித்தார். நெஞ்சு வலி. மாரடைப்பு என்றார்கள். பிழைத்து வந்தார். விட்ட வேலையைத் தொடர்ந்தார். மறுபடி மாரடைப்பு. மறுபடி பிழைத்தார். மூன்றாவது தடவையும் அந்த அலமாரியிடம் போனார். இந்த முறை பிழைக்கவில்லை. அவருக்கும் சரி, முதல் இரண்டு தடவை வைத்தியம் பார்த்தவர்களுக்கும் சரி, அந்த டின்னின் மேல் சந்தேகமே வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த டின்கள் கடையில் சர்வ சாதாரணமாகக் கிடைத்தன. 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குப் புதுப் பூச்சுப் போடும் தொழிலாளர்கள் 13 பேர் இதனால் செத்துப்போனதாக அரசின் நோய்த்தடுப்பு மையம் 2012-ல் அறிவித்தது. ஜன்னல் இல்லாத குளியலறை, தொட்டிக்குள் குனிந்த தலை... வேறென்ன ஆகும்? ஐரோப்பா முந்திக்கொண்டு, பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்துவிட்டது. அமெரிக்கா 2019-ல்தான் கண் விழித்தது. சாதாரண ஜனங்களுக்கு பெயின்ட் ரிமூவராக விற்கக் கூடாது என்றது. 2024-ல் தொழிற்சாலை உபயோகங்கள் பலவற்றுக்கும் தடையை நீட்டி விதி வெளியிட்டது. 1976-க்கும் 2019-க்கும் நடுவில் 43 வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி... மந்திர டின் கிடையாது. கிடைத்தாலும் ஃபைபர் கிளாஸுக்கு ஆகாது. அப்புறம் எப்படித்தான் அந்தப் பழைய வெள்ளையைத் தேடுவது?

கார்வெட் பைத்தியங்கள் (மரியாதையோடுதான் சொல்கிறேன்) கண்டுபிடித்த ஆயுதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிளேடு! ஒருபக்கம் மட்டும் கூர் உள்ள சாதாரண பிளேடு. அதைக் காரின் உடம்போடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடித்து, மெல்ல மெல்லத் தள்ளுகிறார்கள். பழைய லாக்கர் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். சீவல் சீவலாகக் கிளம்பும். கொஞ்சம் கோணம் தப்பினால் ரெசினைக் கீறிக் கண்ணாடி நாரை அறுத்துவிடும். ஆகவே, நாலு அங்குலம் உரித்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிளேடை மாற்ற வேண்டும். ஒரு முழு காருக்கு டப்பா டப்பாவாக பிளேடு போகும், நாள்கணக்கில் ஆகும். இடுப்பு கழன்றுவிடும். கடைசி ஒரு பூச்சு மட்டும் உப்புத்தாள். அதிலும் கண்ணாடித் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும். முகமூடி இல்லாமல் செய்தால் நுரையீரலுக்குக் கேடு.

விண்வெளிக்கு மனிதனை அனுப்பிய தேசம் தன் செல்லக் காரைச் சவரம் செய்துகொண்டிருக்கிறது! ஆனால், இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பிளேடுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை முடிவு செய்கிறது, திரவம் அல்ல.

அடுத்த வழி, பீய்ச்சி அடிப்பது. மணல் அல்ல, மணல் ஃபைபர் கிளாஸைத் தின்றுவிடும். ஆப்ப சோடா! தோசை, ஆப்பத்துக்குப் போடுகிற அதே வெள்ளைப் பொடி. காற்றழுத்தத்தில் பாய்ந்து மோதும்போது பொடிக் கல் சுக்குநூறாக உடையும். உடையும் வேகத்தில் பெயின்ட்டைப் பெயர்த்துவிடும். ரொம்ப மெத்தான பொருள் என்பதால் அடியில் இருப்பதற்கு அதிகம் காயம் படாது.

இந்த ஆப்ப சோடா வித்தை உலகப் புகழ் பெற்றது ஒரு காரால் அல்ல, ஒரு பெண்மணியால். நியூயார்க் துறைமுகத்தில் தீவட்டியோடு நிற்கிறாளே, சுதந்திர தேவி... அவள்தான். நூறாவது பிறந்தநாளுக்காக 1984 முதல் 1986 வரை அவளைப் பழுதுபார்த்தார்கள். அவளுடைய தோல் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத செம்புத் தகடு. உள்பக்கம் பல பத்தாண்டுகளில் அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட். அதற்கும் அடியில் தார். மணலை அடித்தால் தகடு ஓட்டையாகிவிடும். ரசாயனம் ஊற்றினால் அந்த அடைசலுக்குள் தொழிலாளர்கள் கதி? யோசித்து யோசித்து, முதலில் திரவ நைட்ரஜனைப் பீய்ச்சினார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்! பெயின்ட் சுருங்கி, விரிசல் விட்டு, செதில் செதிலாகக் கொட்டியது. தார் மட்டும் அசையவில்லை. அதற்குத்தான் ஆப்ப சோடா. தார் போயிற்று, செம்பு பிழைத்தது. இடுக்குகள் வழியாக வெளியே கசிந்த சோடா, தேவியின் பச்சை நிறத்தில் அங்கங்கே நீலக் கறை போட்டது தனிக் கதை. 1986 ஜூலை 5-ல் கோலாகலத் திறப்பு. அப்புறம் கார் பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கிட்டத்தட்ட அதே வருடங்களில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஹில் விமானப்படைத் தளத்திலும் இதே தலைவலி. போர் விமானங்களின் பெயின்ட்டை மெத்திலீன் குளோரைடு கலவையால் உரித்து உரித்து, விஷச் சேறு மலை மாதிரி குவிந்தது. அங்கே பிளாஸ்டிக் துகள்களையே பீய்ச்சி அடித்துப் பார்த்தார்கள். முள்ளை முள்ளால் எடுத்த கதை. அந்த வழியும் மெல்ல ஊருக்குள் வந்தது.

சின்னச் சாமான்களுக்கு இவ்வளவு படை பட்டாளம் வேண்டாம். கிரில், விளக்குச் சட்டம், லோகோ மாதிரி மெழுகு ஜாதிப் பாகங்களுக்குப் பட்டறைக்காரர்கள் நம்புவது பிரேக் ஆயிலை. பானெட் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் கிளம்பிவிடும் என்பது மெக்கானிக் பையன்கள் முதல் நாளே திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளும் பாடம். அந்தக் கெட்ட குணத்தையே இங்கே நல்லதாக மாற்றிக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பல பெயின்ட்டுகள் வழிந்துவிடும். ஏபிஎஸ் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஸிலிக்கான் ரக பிரேக் ஆயில் வாங்கிவிட்டால் ஒன்றும் நடக்காது, காசுதான் தண்டம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சாதுவான ஆள். எதுவானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத பின்பக்க மூலையில் ஒரு சொட்டு. ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மறு சொட்டு.

இத்தனை பாடுபட்டு உரிப்பவர்களைப் போட்டு உலுக்கும் கேள்வி வேறு. உரிக்கத்தான் வேண்டுமா?

பெயின்ட்டை உரிக்கும்போது காரின் சரித்திரமே வெளிவரும். எங்கே இடித்தது, எந்தப் பலகை மாற்றியது, எங்கே பட்டி வைத்து மூடியது எல்லாம். தொழிற்சாலையில் பலகைகளை ஒட்டிய தையல்கோடுகள் தெரியும். ஒட்டு சரியாக இருந்தால் அசல் உடம்பு. 1962 வரை வந்த கார்வெட்டுகளில் நிற நம்பர் பொறித்த தகடு கிடையாது. ஆகவே, பெயின்ட் அடுக்குதான் ஒரே சாட்சி. அனுபவசாலிகள் கதவுக் கீலுக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு அடியில் என்று யாரும் அடுத்த பூச்சு பூசாத இடத்தில் காசு அளவுக்கு ஒரு வட்டத்தைச் சரிவாகத் தேய்ப்பார்கள். மர வளையம் மாதிரி நிறங்கள் வரிசையாகத் தெரியும். கறுப்பு, நீலம், சிவப்பு, கடைசியில் அந்த வெள்ளை, அதற்கும் உள்ளே பிரைமர். சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால், கார் முழுக்க உரித்துவிட்டால்? சாட்சியையே கொன்ற மாதிரி. எவ்வளவு அழகாகப் புதுப் பெயின்ட் அடித்தாலும் அது 1953-ன் வெள்ளை ஆகாது. அதனால் மங்கிப்போய், வெடித்துப்போய் இருந்தாலும் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டோடு நிற்கும் காருக்கு இன்று தனி மரியாதை. என்னைக் கேட்டால், ஒரே ஒரு பூச்சாவது அசலாக மிஞ்சியிருக்கும் காரின் மேல் பிளேடை வைக்கும் முன் பத்து தடவை யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நிஜமாகவே ஒரு மியூசியத்தின் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்றால், அட்சர சுத்தமாக!

கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீன் நகரில் கார்வெட்டுக்கென்றே ஒரு தேசிய மியூசியம் இருக்கிறது. 2014 பிப்ரவரி 12, விடிவதற்கு முன். மியூசியத்தின் கோபுர மண்டபத்தில் தரை அப்படியே உள்வாங்கியது. அடியில் சுண்ணாம்புக்கல் குகை. வரிசையாக நின்ற கார்களில் எட்டு உள்ளே விழுந்தன. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. அந்த எட்டில் ஒன்று, 1992-ல் தயாரான பத்து லட்சமாவது கார்வெட். முதல் 300-க்கு மரியாதை செய்வதற்காக அதையும் வெள்ளை உடம்பு, சிவப்பு ஸீட் என்றே செய்திருந்தார்கள்.

எட்டுக் கார்களையும் மேலே தூக்கினார்கள். புதிதாக்கிவிடலாம் என்றுதான் முதலில் யோசனை. ஆனால், சிலவற்றில் மிஞ்சியதே குறைவு. அதைப் புதிதாக்கினால் வேறொரு கார்தான் நிற்கும். நசுங்கிய கார்களைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. கடைசியில் மூன்றை மட்டும் சரிசெய்வது என்று முடிவானது. 2009-ம் வருடத்து நீலக் கார் ஒன்று, 1962-ம் வருடத்துக் கார் ஒன்று, அப்புறம் அந்தப் பத்து லட்சமாவது கார்.

பத்து லட்சமாவதை ஜெனரல் மோட்டார்ஸே வாரன் நகரில் இருக்கும் தன் டிசைன் மையத்துக்கு எடுத்துப் போனது. சுமார் 30 பேர், நான்கு மாதம், 1,200 மணி நேரத்துக்கு மேல் வேலை. பாகங்களைக் கழற்றியபோது உள்பக்கமெல்லாம் பேனாக் கிறுக்கல். 1992-ல் அந்தக் காரைப் பூட்டிய தொழிலாளர்கள், ஆளாளுக்குத் தங்கள் பாகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வாங்குபவன் கண்ணில் ஒருநாளும் படாத இடங்களில்!

வேலையின் போக்கே மாறிவிட்டது. புதுப் பாகம் வாங்கிப் போட்டால் அரை நாள் வேலை, ஆனால் கையெழுத்துப் போய்விடும். ஆகவே, முடிந்த மட்டும் பழையதையே ஒட்டி, நிமிர்த்தி, துடைத்துப் பூட்டினார்கள். இரண்டே இரண்டு பாகங்கள் மட்டும் எதற்கும் உதவாத நிலை. அவற்றில் இருந்த கையெழுத்துகளை ஸ்கேன் செய்து, அச்செடுத்து, புதுப் பாகத்தின் மேல் பதித்தார்கள்.

2015 செப்டம்பரில் அந்த வெள்ளைக் கார் மியூசியத்துக்குத் திரும்பியது. மற்ற ஐந்தை மட்டும் யாரும் தொடவில்லை. கிழிந்த ஃபைபர் கிளாஸும் குழி மண்ணுமாக, விழுந்த கோலத்திலேயே வைத்துவிட்டார்கள்.